ஊர் அங்கே... ஓட்டுப்பெட்டி இங்கே!

எத்தனையோ வகை எலெக்ஷன் பார்த்தவர்கள் நாம். செத்துப் போனவர் வந்து ஓட்டுப் போட்டது, விரல் மையை அழித்துவிட்டு ஒரே ஆள் மூன்று தடவை வரிசையில் நின்றது எல்லாம் நமக்குப் பழைய கதை. ஆனால் 2025-ஆம் வருஷம் மே 25-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தென் அமெரிக்காவில் வெனிசூலா நாட்டில் நடந்த கூத்து நமக்கே கொஞ்சம் புதுசு.

அன்றைக்கு அங்கே 24 மாநிலங்களுக்கு கவர்னர் தேர்தல். (அங்கே கவர்னரை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ராஜ்பவன் சமாசாரம் எல்லாம் கிடையாது.) 24-ஆவது மாநிலத்தின் பெயர் 'குவயானா எஸக்கிபா'. ஆளுங்கட்சி சார்பில் நின்ற நீல் வில்லாமிசார் என்கிற கடற்படை அட்மிரல் ஜெயித்தார். சந்தோஷம். மாலை, மரியாதை, கைதட்டல்.

ஒரே ஒரு சின்னக் குறை. அந்த மாநிலத்தில் ஒரு பூத்கூடக் கிடையாது. அங்கே குடியிருக்கும் ஒரு ஜீவன்கூட ஓட்டுப் போடவில்லை. காரணம், அந்த மாநிலம் இருப்பது வெனிசூலாவிலேயே அல்ல. பக்கத்து நாடான கயானாவில்!

அப்படியானால் யார்தான் ஓட்டுப் போட்டது? எல்லைக்கு இந்தப் பக்கம் பொலிவார் என்று ஒரு மாநிலம். அதில் ஒரு மூலையைத் தனியாகப் பிரித்து, சுமார் 21,000 பேரை வாக்காளர்களாகக் காட்டி, 'பக்கத்து நாட்டுக்காரர்களுக்கு நீங்களே கவர்னரைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள்' என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கதையை ரெவின்யூ டிபார்ட்மெண்டில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். மனுஷர் சிரிக்கவே இல்லை. டீயை உறிஞ்சிக்கொண்டே, "அதை விடுய்யா. பட்டா யார் பேர்ல இருக்கு? அனுபவத்துல யார் இருக்கா? அதைச் சொல்லு முதல்ல" என்றார்.

நான் பி.காம். படித்தவன். பாலன்ஸ் ஷீட்டைப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று சொல்வேன். நிலத் தகராறு நமக்கு ஆகாது. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. உட்கார்ந்து புரட்டினேன்.

*

கயானா என்றதும் கிரிக்கெட் ரசிகர்களுக்குச் சட்டென்று ஞாபகம் வந்திருக்கும். கிளைவ் லாயிட், ரோஹன் கன்ஹாய், காளிச்சரண், சந்தர்பால்... எல்லாரும் அந்த மண். வெஸ்ட் இண்டீஸ் டீமில் ஆடினாலும் கயானா தீவு அல்ல. தென் அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் நாடு. அந்தக் கண்டத்தில் இங்கிலீஷை ஆட்சிமொழியாக வைத்திருக்கும் ஒரே நாடு. ஜனத்தொகை சுமார் 8 லட்சம்தான். அதில் பத்துக்கு நாலு பேர், வெள்ளைக்காரன் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போன இந்தியர்களின் வம்சம். முதல் கப்பல்கள் 1838-ல் கல்கத்தாவிலிருந்து போனவை. 1840-களில் மதராஸிலிருந்தும் ஆள் ஏற்றினார்கள். அங்கே 'மதராஸி' என்று இன்னும் ஒரு பிரிவு உண்டு. மாரியம்மன் பூஜையில் தப்பு அடிக்கிறார்கள். பெயரும் 'தப்பு'தான்! தமிழ் மறந்துவிட்டது, தப்பு மறக்கவில்லை.

இந்த நாட்டின் நடுவில் ஓடுகிறது எஸக்கிபோ நதி. அதற்கு மேற்கே இருப்பதெல்லாம் எங்களுடையது என்கிறது வெனிசூலா. எவ்வளவு என்கிறீர்கள்? சுமார் 1,60,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைவிடப் பெரிசு. கயானாவின் மொத்த நிலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். மேலத்தெருவுக்காரர் வந்து, 'தம்பி, உங்க வீட்டுல ஹாலு, பெட்ரூமு, கிச்சன் எல்லாம் எங்க தாத்தா சொத்து. திண்ணையை நீங்களே வெச்சுக்குங்க' என்று சொன்னால் எப்படி இருக்கும்?

இவ்வளவு பெரிய இடத்தில் குடியிருப்பவர்கள் சுமார் ஒண்ணேகால் லட்சம் பேர். பெரும்பகுதி காடு, மலை. 741 அடி உயரத்திலிருந்து ஒரே தாவலில் குதிக்கும் கையட்டூர் நீர்வீழ்ச்சி இங்கேதான். 1978 நவம்பரில் ஜிம் ஜோன்ஸ் என்கிற அமெரிக்கச் சாமியாரின் பேச்சைக் கேட்டு 900-க்கும் மேற்பட்டவர்கள் விஷத்தில் மாண்டார்களே, அந்த ஜோன்ஸ்டவுனும் இங்கேதான்.

இப்போது பட்டா.

ஸ்பெயின்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் எல்லை எஸக்கிபோ நதிவரை இருந்தது, அதனால் ஸ்பெயினிடமிருந்து விடுதலை வாங்கிய எங்களுக்கே அது சேரும் என்பது வெனிசூலாவின் மூலப்பத்திரம். டச்சுக்காரன் அங்கே உட்கார்ந்திருந்தான், 1814-ல் அவனிடமிருந்து எங்களுக்கு வந்தது என்பது பிரிட்டிஷ்காரன் காட்டிய பத்திரம். பிரிட்டன், ஷோம்பர்க் என்ற ஜெர்மானியரை அனுப்பி 1840 வாக்கில் ஒரு கோடு போட வைத்தது. சர்வேயர் நம்மாள் என்றால் கோடு எந்தப் பக்கம் நகரும்? வெனிசூலா கத்தியது. பிற்பாடு அந்தப் பக்கத்தில் தங்கம் கிடைத்தது. கத்தல் இன்னும் பலமானது.

1895-ல் அமெரிக்க ஜனாதிபதி கிளீவ்லண்ட் குறுக்கே புகுந்து, 'பஞ்சாயத்துக்கு வா' என்று பிரிட்டனை மிரட்டினார். பஞ்சாயத்து பாரீஸில் கூடியது. மொத்தம் ஐந்து பேர். பிரிட்டன் தரப்பில் இரண்டு பிரிட்டிஷ் ஜட்ஜ். வெனிசூலா தரப்பில் இரண்டு... அமெரிக்க ஜட்ஜ். நடுவில் தலைவர், மார்ட்டென்ஸ் என்ற ரஷ்யர். நிலம் யாருடையது என்று சண்டை போடும் வெனிசூலாக்காரர் ஒருத்தர்கூட அந்த மேஜையில் கிடையாது!

1899 அக்டோபர் 3-ஆம் தேதி தீர்ப்பு. சர்ச்சைக்குரிய நிலத்தில் ஏறக்குறைய 90 சதவிகிதம் பிரிட்டனுக்கு. ஓரினோகோ நதியின் முகத்துவாரம் வெனிசூலாவுக்கு. ஏன், எதற்கு என்று தீர்ப்பில் ஒரு வரி காரணம் சொல்லவில்லை. ஐந்து பேரும் ஒரே மனதாகக் கையெழுத்துப் போட்டார்கள். கதை முடிந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். 1905-க்குள் இரண்டு தரப்பும் சேர்ந்தே எல்லைக்கல் நட்டுவிட்டன.

அரை நூற்றாண்டு ஓடியது. வெனிசூலாவுக்காகப் பாரீஸில் வாதாடிய வக்கீல்களில் மாலெட்-ப்ரெவோ என்று ஒருவர். ரொம்ப வயதான காலத்தில், 1944-ல், 'என் காலத்துக்குப் பிறகு வெளியிடுங்கள்' என்று சொல்லி ஒரு குறிப்பு எழுதி வைத்தார். 1949-ல் வெளிவந்த அதில் குண்டு இருந்தது. 'ரஷ்யரும் பிரிட்டனும் உள்ளுக்குள் பேரம் பேசிவிட்டார்கள். ஒத்துக்கொண்டால் நதி முகத்துவாரமாவது வெனிசூலாவுக்கு மிஞ்சும், இல்லாவிட்டால் மூன்றுக்கு இரண்டு என்று எல்லாமே பிரிட்டனுக்குப் போகும் என்று அமெரிக்க ஜட்ஜுகளை மடக்கிவிட்டார்கள்' என்பது சாரம்.

படிக்கும்போது எனக்கே ரத்தம் கொதித்தது. ஆனால் குறுக்கு விசாரணை என்று ஒன்று இருக்கிறதே? சம்பவம் நடந்து 45 வருஷம் கழித்து, தோற்றுப்போன கட்சியின் வக்கீல் சொல்லும் சாட்சி. அந்தக் குறிப்பை எழுதுவதற்குச் சில வாரங்கள் முன்புதான் வெனிசூலா அரசு அவருக்கு ஒரு பெரிய விருது கொடுத்துக் கௌரவித்திருந்தது. நண்பரிடம் சொன்னேன். "இதே மாதிரி சாட்சி எங்க தாலுகா ஆபீஸுக்கு வாரத்துக்கு ரெண்டு வரும்" என்றார்.

என் அபிப்பிராயம் கேட்டால், 1899 பஞ்சாயத்தில் நாற்றம் அடிக்கத்தான் செய்கிறது. வெனிசூலாவின் வயிற்றெரிச்சல் பொய் இல்லை. ஆனால் சேர்ந்து கல் நட்டுவிட்டு அறுபது வருஷம் கழித்து வந்து 'அது என் வேலி இல்லை' என்றால், கல்லுக்கு அந்தப் பக்கம் பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவர்கள் எங்கே போவார்கள்? காலேஜில் லிமிடேஷன் என்று ஒரு சமாசாரம் படித்தது லேசாக ஞாபகம் வருகிறது. நம்மூர்த் தனியார் நிலமாக இருந்தால் பன்னிரண்டு வருஷத்தில் கதை கந்தல்.

*

அறுபது வருஷம் கழித்து ஏன் திடீரென்று? 1962-ல் வெனிசூலா ஐ.நா. சபையில் இதைக் கிளப்பியபோது, பிரிட்டன் கயானாவுக்குச் சுதந்திரம் கொடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. அங்கே செல்வாக்கோடு இருந்தவர் செட்டி ஜகன். இந்திய வம்சாவளி, இடதுசாரி. கியூபாவைப் பார்த்துப் பயந்துபோயிருந்த அமெரிக்காவுக்கு அவரைக் கண்டால் ஆகாது. பெரிய வீட்டுக்காரன் போகப்போகிறான், சின்னப் பையனிடம் பேசிக்கொள்வது சுலபம் என்று கணக்கு.

1966 பிப்ரவரியில் ஜெனீவாவில் ஓர் ஒப்பந்தம். 'பேசித் தீர்ப்போம், முடியாவிட்டால் ஐ.நா. பொதுச்செயலர் வழி சொல்லட்டும்' என்று. மே 26-ல் கயானாவுக்குச் சுதந்திரம். அக்டோபரில், எல்லை நதியில் அங்கோகோ என்கிற தீவில் கயானாவுக்கு உரிய பாதியையும் சேர்த்து வெனிசூலா படை உட்கார்ந்துகொண்டது. குழந்தை பிறந்து ஐந்தாவது மாசம்! 1969 ஜனவரியில் தெற்கே ருபுனூனியில் மாட்டுப் பண்ணை முதலாளிகள் சிலர் வெனிசூலா கொடுத்த ஆயுதங்களோடு கலகம் செய்தார்கள். போலீஸ்காரர்கள் சிலர் செத்தார்கள். ஒன்றிரண்டு நாளில் அடக்கப்பட்டது. அப்புறம் ரொம்ப காலம் வாய்ச்சண்டைதான். வெனிசூலா பள்ளிக்கூட மேப்பில் மட்டும் அந்தப் பகுதி கோடு கோடாக, சட்டை டிசைன் மாதிரி, இருந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்தே வளர்ந்தார்கள். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் எதிலும் ஒத்துப்போகாத அந்த நாட்டில், இந்த ஒன்றில் மட்டும் இரண்டும் ஒன்று.

2015 மே மாதம் எல்லாம் தலைகீழானது. கயானா கரையிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்கடியில் எக்ஸான்மொபில் கம்பெனி எண்ணெய் கண்டுபிடித்தது. கொஞ்ச நஞ்சமல்ல, தோண்டத் தோண்ட 1,100 கோடி பீப்பாய்க்கு மேல் தேறும் என்று கணக்குச் சொன்னார்கள். 2019 டிசம்பரில் உற்பத்தி ஆரம்பம். 2022-ல் மட்டும் கயானாவின் பொருளாதாரம் 60 சதவிகிதத்துக்கு மேல் வளர்ந்தது. நமக்கு ஏழு வந்தாலே பட்டாசு வெடிக்கிறோம்.

இதில் கயானாக்காரர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று நம்ம படிப்பை வைத்துப் போட்டுப் பார்த்தேன். 100 ரூபாய்க்கு எண்ணெய் விற்கிறது என்று வையுங்கள். 2 ரூபாய் ராயல்டி. 75 ரூபாய்வரை 'செலவுக் கணக்கு' என்று கம்பெனிகள் கழித்துக்கொள்ளலாம். மீதி 25-ல் ஆளுக்குப் பாதி. ஆக, நிலத்துச் சொந்தக்காரனுக்கு 14 ரூபாய் 50 காசு. எந்தத் தென்னந்தோப்புக் குத்தகையும் இதைவிட மேல். போட்ட முதல் தீர்ந்தால் பங்கு கூடும் என்கிறார்கள். ஆனால் புதுப்புதுக் கிணறு தோண்டத் தோண்ட செலவுக் கணக்கும் புதுசாகத்தானே இருக்கும்? இதைக் கயானாவிலேயே பலர் கேட்டுச் சண்டை போடுகிறார்கள். அந்தப் பதினாலரைக்கும் பக்கத்து வீட்டுக்காரன் கண் போட்டான் என்பதுதான் வேடிக்கை.

இன்னொரு வேடிக்கை. உலகத்திலேயே அதிக எண்ணெய் இருப்பு தன்னிடம்தான் என்று கணக்குக் காட்டும் நாடு வெனிசூலா. சுமார் 30,000 கோடி பீப்பாய்! 1990-களின் கடைசியில் தினம் 30 லட்சம் பீப்பாய்க்கு மேல் எடுத்தவர்கள், 2020-ல் ஆறு லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். நிர்வாகக் கோளாறு, முதலீடு இல்லை, அதன்மேல் அமெரிக்கத் தடை. எழுபது லட்சம் பேருக்கு மேல் பிழைப்புத் தேடி நாட்டைவிட்டே போனார்கள். அதில் பல ஆயிரம் பேர் போய்ச் சேர்ந்த இடம்... கயானா. 'இந்த நிலம் எங்களுடையது' என்ற அரசாங்கத்தின் ஜனங்கள், அதே நிலத்தில் அகதி கார்டுக்குக் கியூவில் நின்றார்கள்.

*

2023 டிசம்பர் 3. அப்போதைய வெனிசூலா அதிபர் மதுரோ ஒரு பொதுவாக்கெடுப்பு நடத்தினார். ஐந்து கேள்விகள். ஐந்தாவதுதான் விவகாரம்: எஸக்கிபோவைப் புது மாநிலமாக்கி, அங்கே இருப்பவர்களுக்கு வெனிசூலா குடியுரிமையும் அடையாள அட்டையும் கொடுக்கலாமா? 95 சதவிகிதத்துக்கு மேல் 'ஆமாம்' என்று அறிவித்தார்கள். ஒரு கோடிக்கு மேல் ஓட்டு என்றார்கள். பூத்துகளைச் சுற்றி வந்த நிருபர்களோ, கூட்டத்தைக் காணோம் என்று எழுதினார்கள். அதே நாளில் கயானாவில் ஜனங்கள் தெருவில் கைகோத்து மனிதச் சங்கிலி நின்றார்கள். அவர்களிடம் எந்தக் கேள்வியும் கேட்கப்படவில்லை.

இரண்டே நாளில் புது மேப். கோடு போட்ட சட்டை போய், ஒரே கலரில்! அங்கே எண்ணெய் எடுக்கும் கம்பெனிகள் மூன்று மாதத்தில் கிளம்ப வேண்டும் என்று உத்தரவு. (கிளம்பவில்லை.) புது மாநிலத்துக்கு ஒரு ராணுவ ஜெனரல் பொறுப்பு அதிகாரி. அவருடைய ஆபீஸ் துமெரெமோ என்ற ஊரில். அது எங்கே இருக்கிறது என்று தேடினால், எல்லைக்கு இந்தப் பக்கம், வெனிசூலாவின் பொலிவார் மாநிலத்தில்! 2024 ஏப்ரலில் இதற்கென்று தனிச்சட்டமும் வந்தது.

சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. நண்பர்தான் கெடுத்தார். "ஆக்கிரமிப்புன்னா ஜே.சி.பி.யோட வருவான்னு நெனச்சியா? முதல்ல ஒரு பேப்பர் வரும். அப்புறம் இன்னொண்ணு. பேப்பர் சேரச் சேர ஒரு நாள் அதுவே 'ஆதாரம்' ஆயிடும்."

வாஸ்தவம்தான். 1990 ஆகஸ்ட் மாதத்தில் குவைத்துக்குள் புகுந்த சதாம் ஹுசேன், அதே மாதக் கடைசியில் அதைத் தன் 19-ஆவது மாகாணம் என்று அறிவித்தார். அங்கே படை முதலில், பேப்பர் பிறகு. வெனிசூலா பேப்பரை முதலில் போட்டது. கயானா ராணுவத்தில் சில ஆயிரம் பேர். வெனிசூலாவிடம் லட்சத்துக்கு மேல். அந்த வித்தியாசத்தைத் தெரிந்த ஒருத்தன் எல்லையோரக் கிராமத்தில் எப்படித் தூங்குவான்? அங்கே பூர்வகுடிகளான அக்கவாயோ, மக்குஷி, வபிஷானா ஜனங்கள் இருக்கிறார்கள். ஸ்பெயின்காரன், டச்சுக்காரன், ஷோம்பர்க் எல்லாரும் வருவதற்கு முன்னாலிருந்தே. பத்திரம் பேசும் யாருமே அவர்களைச் சாட்சிக்குக்கூடக் கூப்பிட்டதில்லை. கரையோரம் ஆன்னா ரெஜினா பக்கம் நெல் விதைக்கும் இந்திய வம்சாவளிக்காரர்களுக்கு இன்னொரு கவலை: வீட்டுப் பத்திரம் ஜார்ஜ்டவுனில் பதிவானது. நாளைக்கு வேறு நாடு என்றால் அது வெறும் காகிதம்தானே? நம் மதராஸி ஜனங்கள் பெரும்பாலும் கிழக்கே பெர்பீஸ் பக்கம், சர்ச்சைக்கு வெளியே. ஆனாலும் மூன்றில் இரண்டு போய்விட்ட நாட்டில் மிச்சம் இருப்பவர்கள் எதை வைத்துப் பிழைப்பது?

படை ஏன் வரவில்லை? பல காரணம். 2023 டிசம்பர் 14-ல் செயின்ட் வின்சென்ட் தீவில் மதுரோவும் கயானா ஜனாதிபதி இர்ஃபான் அலியும் சந்தித்து, பலத்தைப் பயன்படுத்தமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். (2025 மார்ச்சில் வெனிசூலா ரோந்துக் கப்பல் ஒன்று கயானாவின் எண்ணெய்க் கப்பல் பக்கம் வந்து உறுமிவிட்டுப் போனது வேறு விஷயம்.) பிரிட்டன் ஒரு போர்க்கப்பலை அனுப்பிக் காட்டியது. கயானா 2018-லேயே ஹேக் நகர சர்வதேச நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. உனக்கு விசாரிக்கவே அதிகாரம் இல்லை என்றது வெனிசூலா. இருக்கிறது என்று 2020-ல் சொன்னது கோர்ட். 2025 மே முதல் தேதி, 'அந்தப் பகுதியில் தேர்தல் எதுவும் நடத்தாதே' என்றும் உத்தரவு போட்டது. அதற்குப் பிறகு 24-ஆவது நாள்தான், ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தத் தேர்தல். 2026 ஜனவரியில் அமெரிக்கப் படை கராகஸுக்குள் புகுந்து மதுரோவையே பிடித்து நியூயார்க்குக்குக் கொண்டுபோய்விட்டது. மேப் போட்டவர் போனார். ஆனால் உரிமைக் குரல் அவர் பிறப்பதற்கு முன்னாலேயே எழும்பியது. ஓர் ஆளோடு போகிற சரக்கு அல்ல அது.

படை வராததற்கு இன்னொரு காரணம், ரொம்ப சாதாரணமானது: ரோடு இல்லை. இரண்டு நாட்டுக்கும் நடுவே 700 கிலோமீட்டருக்கு மேல் எல்லை இருக்கிறது. அதில் ஒரு இடத்தில்கூடத் தார் ரோடு கடக்கவில்லை. அடர்ந்த காடு, மலை, ஆறு. டாங்கி போகவேண்டுமென்றால் பிரேஸிலுக்குள் நுழைந்து சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். 2023-ல் பிரேஸில் தன் எல்லைக்குக் கவச வண்டிகளை அனுப்பியது அதற்காகத்தான். 'எங்க வீட்டு வாசல் வழியா போகாதே' என்று.

அதனால் அந்த அட்மிரல் கவர்னர், தன்னுடைய மாநிலத்தைத் தரை வழியாகப் பார்க்கப் போவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். துமெரெமோவிலிருந்து தெற்கே இறங்க வேண்டும். எல்லை தாண்டி பிரேஸிலின் போவா விஸ்டா. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் தக்குட்டு நதி, அதன்மேல் 2009-ல் திறந்த பாலம். பிரேஸிலில் வண்டி வலதுபக்கம் ஓடும், கயானாவில் நம்மைப் போல இடதுபக்கம். ஆகவே பாலத்தருகே ரோடே குறுக்கே மாறிக்கொள்ளும். கவர்னரின் டிரைவரும் இடதுபக்கத்துக்கு மாறியாக வேண்டும். அடுத்து வருவது லெத்தம் ஊர். அங்கே ஒரு கவுண்டர். அதில் உட்கார்ந்திருக்கும் கயானா இமிக்ரேஷன் ஆபீஸர் கையை நீட்டி, பாஸ்போர்ட்டைக் கேட்பார்.